டிஸ்க்கா, டிஜிட்டலா? பிடித்த படங்களைக் கைவசம் வைத்துக்கொள்ள மதுரைக்காரருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு படத்தைச் சொந்தமாக வைத்துக்கொள்ள இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. டிவிடி, புளூரே என டிஸ்க்காக அலமாரியில் வைக்கலாம். யூடியூப், ஆப்பிள் டிவி போன்ற இடங்களில் காசு கட்டி 'வாங்கலாம்'. இல்லையென்றால், கோப்பாக நம் ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைக்கலாம். மாதச் சந்தா கட்டிப் பார்க்கும் ஓடிடி இந்தக் கணக்கிலேயே வராது, அது வாடகை வீடு.

எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. படத்துக்குப் படம் பதில் மாறும். ஆனால் ஒன்று உறுதி: 2000-களில் வாங்கிய தமிழ் டிவிடிகளுக்கும் விசிடிகளுக்கும் வயதாகிவிட்டது. அவற்றில் இருப்பதைக் கோப்பாக மாற்றும் வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. மற்றதெல்லாம் நிதானமாகச் செய்யலாம்.

படி 1: முதலில் பட்டியல் போடுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் ஒரு நோட்டை எடுத்து, திரும்பத் திரும்பப் பார்க்கும் படங்களை மட்டும் எழுதுங்கள். 'பார்க்க வேண்டும்' என்று நினைப்பவை வேண்டாம், ஏற்கெனவே பலமுறை பார்த்தவை போதும். எழுதியதை நான்காகப் பிரியுங்கள்.

முதல் கட்டு, வீட்டு வீடியோ. கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு, தாத்தாவின் அறுபதாம் கல்யாணம். சினிமா பற்றிய வழிகாட்டியில் இது எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. கடையில் விற்ற படம் தொலைந்தால் வேறொருவரிடம் இருக்கும். உங்கள் அக்காவின் கல்யாண டிவிடி உலகத்திலேயே அந்த ஒன்றுதான். அதுவும் ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுத்த டிஸ்க். கம்பெனியில் அச்சடித்த டிஸ்க்கில் தகவல் பிளாஸ்டிக்கிலேயே குழியாகப் பதிந்திருக்கும். எழுதிய டிஸ்க்கில் அது ஒரு சாயப் பூச்சில் இருக்கிறது, அந்தச் சாயம் வெயிலுக்கும் வெப்பத்துக்கும் மங்கும். டிஸ்க்கின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பளிச்சென்ற வெள்ளி நிறமாக இருந்தால் பெரும்பாலும் அச்சடித்தது. ஊதாவோ நீலமோ கலந்திருந்தால் எழுதியது. ஊதா டிஸ்க்குகளுக்குத்தான் முதல் மரியாதை.

இரண்டாவது, பழைய தமிழ்ப் படங்கள். மூன்றாவது, கடந்த பத்துப் பன்னிரண்டு வருடத் தமிழ்ப் படங்கள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு டிஸ்க்கே வரவில்லை, தேடிப் பயனில்லை. நான்காவது, வெளிநாட்டுப் படங்கள். புளூரே, 4கே டிஸ்க் என்று செலவழிப்பது இந்த நான்காவது கட்டுக்கு மட்டும்தான் பொருத்தம்.

படி 2: 'வாங்கு' பொத்தான் என்ன தருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

டிஜிட்டல் கடையில் 'வாங்கு' என்று இருப்பதை அழுத்தினால் கிடைப்பது பார்ப்பதற்கான உரிமம்தான். கடைக்கும் படத் தயாரிப்பாளருக்கும் உள்ள ஒப்பந்தம் நீடிக்கும்வரை உங்கள் கணக்கில் படம் இருக்கும். 2023 டிசம்பரில் சோனி பிளேஸ்டேஷன், வாடிக்கையாளர்கள் காசு கொடுத்து வாங்கியிருந்த டிஸ்கவரி நிகழ்ச்சிகளை நீக்கப்போவதாக அறிவித்தது. கூச்சல் கிளம்பியதும் புது ஒப்பந்தம் போட்டு அந்த முடிவைக் கைவிட்டார்கள். ஆனால் நீக்க முடியும் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. 2025 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் படம் விற்பதையே நிறுத்திக்கொண்டது. முன்பு வாங்கியவர்கள் தொடர்ந்து பார்க்கலாம், ஆனால் அந்தக் கடை மூடியாகிவிட்டது. கலிஃபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் இருக்கிறது: உரிமம் மட்டும் தருகிறவர்கள் அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று போடக் கூடாது.

நம் வீடுகளுக்கு இன்னொரு விஷயமும் முக்கியம். ஆப்பிளில் நமக்குப் பின் கணக்கைத் திறக்க ஒரு வாரிசைக் குறிப்பிட்டு வைக்கலாம். புகைப்படங்கள் அவருக்குப் போகும், காசு கொடுத்து வாங்கிய படங்கள் போகாது. அப்பா சேர்த்த டிவிடி அலமாரி பிள்ளைக்கு வந்து சேரும். அப்பாவின் பாஸ்வேர்டுக்குள் இருக்கும் படம் அப்படி வராது.

இதனால் டிஜிட்டலில் வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். டிஸ்க்கே வராத புதுப் படம், நல்ல தரத்தில், நியாயமான விலைக்குக் கிடைத்தால் வாங்குங்கள். நீண்ட கால வாடகை என்று நினைத்து விலையை எடை போடுங்கள், அவ்வளவுதான். ஒரே ஒரு முறை பார்க்கப்போகிறீர்கள் என்றால் வாடகையே போதும். ஆனால் அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். பொதுவாக 30 நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்தால் 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும்.

படி 3: மதுரையில் டிஸ்க் வேட்டை

டவுன் ஹால் ரோடு பக்கம் சிடி விற்ற கடைகள் பலவும் இன்று செல்போன் உறையும் சார்ஜரும் விற்கின்றன. ஆனால் சரக்கு முழுவதும் ஊரை விட்டுப் போய்விடவில்லை. பழைய கடைக்காரரிடம் "உள்ளே பழைய ஸ்டாக் ஏதும் கெடக்கா அண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். திலகர் திடலில் ஞாயிற்றுக்கிழமை கூடும் சந்தையில், கழற்றிப் போட்ட மிக்சிக்கும் ரேடியோவுக்கும் நடுவே டிஸ்க் மூட்டை கண்ணில் படலாம். வாடகை சிடி கடை நடத்தி மூடியவர்கள், பழைய பேப்பர் கடைகள், வீடு காலி செய்யும் உறவினர்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் போன்ற ஊர்களிலும் மூடிய வீடியோ கடைகளின் சரக்கு யாராவது வீட்டுப் பரணில் கிடக்கும்.

விலை பேசுவதற்கு முன் ஒரு கணக்கு. 2007 வாக்கில் மோசர் பேயர் கம்பெனி ஒரிஜினல் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கொண்டுவந்தது. திருட்டு விசிடிக்கே போட்டியாக இருந்த விலை அது. அதனால் அந்தக் காலத்து டிஸ்க்குகள் ஏராளம். 'அரிய டிஸ்க்' என்று யாராவது நானூறு ஐந்நூறு கேட்டால் உடனே மயங்காதீர்கள்.

ஒரிஜினலா என்று பார்க்கச் சட்டமே ஒரு வழி தருகிறது. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஏ பிரிவின்படி, விற்பனைக்கு வரும் வீடியோவிலும் அதன் உறையிலும் தணிக்கைச் சான்றிதழின் நகல், அதைத் தயாரித்தவரின் பெயர் முகவரி, உரிமையாளரின் பெயர் முகவரி எல்லாம் இருக்க வேண்டும். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஜெராக்ஸ் போல மங்கிய அட்டையும் முகவரியே இல்லாத உறையும் என்றால் எடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2004 முதல் திருட்டு வீடியோ தொழில் குண்டர் சட்டத்தின் கீழ் வருகிறது என்பதை நினைவில் வையுங்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், தியேட்டரில் முன்சீட்டுக்காரர் எழுந்துபோவதும் பதிவான பிரிண்டை அலமாரியில் வைத்து என்ன செய்யப்போகிறீர்கள்?

ஒரிஜினலிலும் தரம் ஏறி இறங்கும். ஒரே டிவிடியில் மூன்று படம் என்று விற்ற த்ரீ இன் ஒன் டிஸ்க்கை எண்ணிக்கைக்காக வாங்காதீர்கள். சாதாரண டிவிடியில் ஒரு அடுக்கு என்றால் 4.7 ஜிபி, இரண்டு அடுக்கு என்றால் 8.5 ஜிபி. அதற்குள் மூன்று படத்தைத் திணித்தால் மழைக் காட்சி முழுவதும் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒரு டிஸ்க்கில் ஒரு படம் இருக்கிறதா பாருங்கள். அடுத்தது படத்தின் அகலம். தமிழில் சினிமாஸ்கோப் 1973-ல் வந்தது. அப்படி அகலமாக எடுத்த படங்களைப் பழைய டிவிக்காக இருபுறமும் வெட்டிச் சதுரமாக்கிய டிஸ்க்குகள் நிறைய. இரண்டு பேர் பேசும் காட்சியில் இருவருக்கும் பாதி மூஞ்சிதான் தெரிகிறதென்றால் வேறு பதிப்பு தேடுங்கள்.

பாட்டுக்காகப் படம் சேர்க்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. நம் ஊர் டிவி முறையான 'பால்' (PAL) என்பதில் 25. பாலுக்கு மாற்றும்போது படத்தைக் கொஞ்சம் வேகமாக ஓட விட்டால், இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிஷம் முன்னதாகவே முடிந்துவிடும். பாட்டின் சுதியும் அரைக் கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக ஏறிவிடும். ஆர்மோனியம் வைத்துக்கொண்டு கூடவே வாசிக்கிறவருக்கு இது உடனே தெரியும். வெளிநாட்டுத் தமிழர்களுக்காக வந்த டிவிடிகள் பலவும் அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சியில் (NTSC) இருப்பதால் அவற்றில் வேகம் சரியாக இருக்கும். இரண்டு பதிப்பும் கிடைத்தால் நான் என்டிஎஸ்சியைத்தான் எடுப்பேன்.

படி 4: பிளேயரும் ரீஜியனும்

ரீஜியன் என்பது ஒரு டிஸ்க் எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்று போட்டிருக்கும் பூட்டு. விசிடிக்கு ரீஜியன் கிடையாது. தமிழ் டிவிடிகளில் பலவும் எல்லா ரீஜியனிலும் ஓடும். சிக்கல் வெளிநாட்டுப் படங்களில்தான். டிவிடியில் இந்தியா ரீஜியன் 5, புளூரேயில் ரீஜியன் சி. சிங்கப்பூரில் இருக்கும் மாமா வாங்கி வரும் டிவிடி ரீஜியன் 3, புளூரே ஏ. துபாயில் இருந்து மச்சான் கொண்டுவந்தால் 2, பி. எனவே ஊருக்கு வருகிறவர்களிடம் சொல்லி அனுப்புவதானால் 4கே அல்ட்ரா எச்டி டிஸ்க்காகக் கேளுங்கள், அதற்கு ரீஜியன் கிடையாது. மற்றவற்றில் 'ரீஜியன் ஃப்ரீ' என்று இருக்கிறதா என்று பின்னட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிளேயர் வாங்குவது டிஸ்க் வாங்குவதைவிட அவசரமான காரியம். ஆப்போ 2018-லும், சாம்சங் அமெரிக்காவில் 2019-லும் புதிய புளூரே பிளேயர் வெளியிடுவதை நிறுத்தின. வீட்டில் பிளேஸ்டேஷன் 4 இருந்தால் அதுவே டிவிடியும் புளூரேயும் ஓட்டும், 4கே டிஸ்க் மட்டும் ஓடாது. டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5 அதையும் ஓட்டும். தமிழ் டிவிடி மட்டும் போதும் என்றால் கம்ப்யூட்டரில் செருகும் யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்று வாங்குங்கள். அடுத்து வரும் நகலெடுக்கும் வேலைக்கும் அதுதான் தேவை.

4கே டிஸ்க்குக்கு அவ்வளவு செலவு தேவையா? பெரிய டிவியும் நல்ல ஸ்பீக்கரும் இருந்தால் தேவைதான். நொடிக்கு எவ்வளவு தகவல் வருகிறது என்பதை எம்பிபிஎஸ் என்ற அளவில் சொல்வார்கள். நெட்ஃபிளிக்ஸ் 4கே பார்க்க 15 எம்பிபிஎஸ் வேகம் போதும் என்கிறது. சாதாரண புளூரேயே படத்துக்கு மட்டும் 40 எம்பிபிஎஸ் வரை எடுத்துக்கொள்ளும், 4கே டிஸ்க் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே போகும். இருட்டுக் காட்சியிலும் ஒலியிலும் வித்தியாசம் தெரியும். 32 அங்குல டிவியில் அதன் ஸ்பீக்கரிலேயே கேட்கிறீர்கள் என்றால் அந்தக் காசுக்குப் பத்து டிவிடி வாங்கலாம்.

படி 5: வாங்கிய டிஸ்க்கைச் சோதிப்பது

முதல் அஞ்சு நிமிஷம் ஓட்டிப் பார்த்து "நல்லாருக்கு" என்று சொல்வது சோதனை ஆகாது. டிஸ்க் உள்ளிருந்து வெளியே படிக்கப்படுகிறது. கைரேகையும் கீறலும் கெட்டுப்போதலும் ஓரத்தில்தான் அதிகம். ஒரே அடுக்கு டிஸ்க்கில் படம் நிறைந்திருந்தால் ஓரத்தில் இருப்பது கிளைமாக்ஸ். இரண்டு அடுக்கு டிவிடியில் முதல் அடுக்கு ஓரம்வரை போய், இரண்டாவது அடுக்கு ஓரத்திலிருந்து உள்ளே திரும்பி வரும். அப்போது ஓரத்தில் இருப்பது இடைவேளைப் பகுதி. ஆகவே இடைவேளை, கிளைமாக்ஸ் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள்.

டிஸ்க்கை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை ஓட்டைகள் போல வெளிச்சம் தெரிந்தாலோ, ஓரத்தில் காப்பி நிறத்தில் கறை படர்ந்திருந்தாலோ உள்ளே அலுமினியப் பூச்சு அரிக்கப்படுகிறது என்று அர்த்தம். இதற்கு வைத்தியம் இல்லை. பெரிய கம்பெனிகளும் இதற்குத் தப்பவில்லை. 2006 முதல் 2008 வரை தயாரான தன் டிவிடிகளில் சில கெட்டுப்போகின்றன என்பதை வார்னர் பிரதர்ஸ் 2025-ல் ஒப்புக்கொண்டது.

கீறல் வேறு விஷயம். சிடி, விசிடியில் தகவல் அடுக்கு பெயர் அச்சிட்ட மேல்பக்கத்துக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. மேல்பக்கம் உரிந்தால் அத்தோடு சரி. டிவிடியில் அது இரண்டு பிளாஸ்டிக் தட்டுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது. புளூரேயில் அடிப்பக்கத்திலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது, அதனால் மேலே கெட்டியான பூச்சு கொடுத்திருப்பார்கள். பற்பசை தேய்க்கும் நாட்டு வைத்தியத்தை டிவிடியின் அடிப்பக்கத்தில் கடைசி முயற்சியாகச் செய்யலாம். புளூரேயில் செய்யவே கூடாது. துடைப்பதானால் மெல்லிய பருத்தித் துணியால், நடுவிலிருந்து ஓரம் நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள்.

படி 6: ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றுதல்

முதலில் சட்டம். தனிப்பட்ட உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு அனுமதிக்கிறது. நகலெடுப்பதைத் தடுக்கப் போட்டிருக்கும் டிஜிட்டல் பூட்டை உடைப்பது பற்றிய 65ஏ பிரிவு 2012 திருத்தத்தில் வந்தது, அது உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைப்பதைக் குற்றமாக்குகிறது. சொந்த டிஸ்க், சொந்த வீடு, சொந்த டிவி என்ற எல்லைக்குள் நின்றுகொள்ளுங்கள். நகலை நண்பர்களுக்கு அனுப்புவதும் வாட்ஸ்அப் குழுவில் சுற்றுக்கு விடுவதும் அந்த எல்லைக்கு வெளியே.

வீட்டு வீடியோவிலிருந்து ஆரம்பியுங்கள். விசிடியைக் கம்ப்யூட்டரில் திறந்தால் 'எம்பெக்ஏவி' (MPEGAV) என்ற ஃபோல்டருக்குள், பெயர் .dat என்று முடியும் கோப்பு ஒன்று இருக்கும். அதை அப்படியே நகலெடுத்தால் விஎல்சி (VLC) என்ற பிளேயர் மென்பொருளில் ஓடும். விசிடியில் பிழை திருத்தும் ஏற்பாடு குறைவு என்பதால் நகல் பாதியில் 'சைக்ளிக் ரிடன்டன்சி' என்ற பிழைச் செய்தியோடு நிற்கலாம். டிஸ்க்கைத் துடைத்து மறுபடி போடுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் வேறு டிரைவில் முயலுங்கள். ஒரு டிரைவ் மறுத்த டிஸ்க்கை இன்னொன்று சாதாரணமாகப் படித்துவிடும், அக்கம்பக்கத்தில் யாரிடமாவது பழைய கம்ப்யூட்டர் இருக்கிறதா என்று கேட்பது வீண்வேலை இல்லை.

டிவிடிக்கு மேக்எம்கேவி என்ற மென்பொருள் போதும், டிவிடிவரை இலவசம். தரத்தில் கைவைக்காமல் படம், ஒலி, சப்டைட்டில் எல்லாவற்றையும் ஒரே எம்கேவி கோப்பாகக் கொடுக்கும். அந்தக் கோப்பை ஹேண்ட்பிரேக் என்ற இன்னொரு மென்பொருளில் போட்டு மேலும் சுருக்குவது பலரின் வழக்கம். நான் வேண்டாம் என்பேன். டிவிடியே ஏற்கெனவே சுருக்கியதுதான், இடத்துக்கும் பஞ்சமில்லை. சராசரி ஒரு படத்துக்கு 6 ஜிபி என்று வைத்தாலும் 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் 150 படத்துக்கு மேல் பிடிக்கும். ஆள் ஓடும்போது ஓரங்கள் சீப்புப் பல்லாகப் பிரிந்து தெரிந்தால் கோப்பு கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். விஎல்சியில் 'டீஇன்டர்லேஸ்' என்பதைப் போட்டால் சரியாகும்.

நகலெடுத்தது டிவியில் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்த விதம், அதாவது கோப்புகளை அடுக்கும் முறைதான் காரணம். ஃபேட்32 முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. உங்கள் டிவி வேறு முறைகளான எக்ஸ்ஃபேட் (exFAT) படிக்குமா என்டிஎஃப்எஸ் (NTFS) படிக்குமா என்று கையேட்டில் பார்த்து அதற்கேற்ப ஃபார்மட் செய்யுங்கள். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும் என்பதால் இதைக் காலியாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

ஒரு ஹார்ட் டிஸ்க்கை மட்டும் நம்பக் கூடாது. மேசையிலிருந்து ஒரு முறை விழுந்தால் போதும். இரண்டு வாங்கி, ஒன்று உங்கள் வீட்டில், இன்னொன்று திருமங்கலத்தில் அக்கா வீட்டில் என்று வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை செருகி ஓட்டிப் பாருங்கள். பென்டிரைவும், சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி டிரைவும் வருடக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் பெட்டியில் தூங்க ஏற்றவை அல்ல.

படி 7: கத்திரி வெயிலில் டிஸ்க்கைக் காப்பது

நம் வீடுகளில் பழைய சாமான் என்றால் பரண்தான். டிஸ்க்குக்கு அதைவிட மோசமான இடம் இல்லை. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில், மே மாதம் மாடித் தளம் பகலெல்லாம் வாங்கிய வெயிலை ராத்திரி முழுக்கப் பரண் மேல் இறக்கும். கீழ்த்தளத்தில், வெளிச்சுவரில் ஒட்டாத மர பீரோ நல்லது. புத்தகம் போல நிற்கவைத்து அடுக்குங்கள், ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் நாளடைவில் வளையும். மெத்தென்ற பிளாஸ்டிக் பை ஆல்பங்கள் வெப்பத்தில் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும், காகித உறைக்கு மாற்றுங்கள். பீரோவில் அந்துருண்டை போடாதீர்கள், சிடி டப்பாவின் பிளாஸ்டிக்கை அது இளக்கிவிடும். பெயர் எழுதவேண்டுமானால் உறையில் எழுதுங்கள், டிஸ்க் மேல் ஸ்டிக்கர் வேண்டாம்.

படி 8: எதை விட்டுவிடலாம்

எல்லாவற்றுக்கும் டிஸ்க் தேடி அலைய வேண்டியதில்லை. 'கர்ணன்' (1964) மாதிரி சில படங்களை டிஜிட்டலில் சீரமைத்து மறுபடி வெளியிட்டார்கள், அது 2012-ல் நடந்தது. அப்படிச் சீரமைத்த பதிப்பு இணையத்தில் முறையாகக் கிடைக்கிறது என்றால், உங்களிடம் உள்ள பழைய விசிடியைவிட அதுதான் பார்க்க நன்றாக இருக்கும். 1964 வரை வெளிவந்த இந்தியப் படங்களுக்குப் படத்தின் மீதான 60 வருடப் பதிப்புரிமை முடிந்துவிட்டது. கதை, பாடல்களின் உரிமை தனி. அந்தக் காலத்துப் படங்கள் பலவும் யூடியூபில் இருக்கின்றன, ஆனால் நீளத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். பாட்டை வெட்டிய பதிப்புகள் அங்கே தாராளம். உங்கள் டிஸ்க்கில் அந்தப் பாட்டு முழுதாக இருந்தால் படம் மங்கலாக இருந்தாலும் அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

நெட் நிலவரத்தையும் யோசியுங்கள். நெட்ஃபிளிக்ஸில் எச்டி படம் மணிக்கு 3 ஜிபி வரையும் 4கே 7 ஜிபி வரையும் சாப்பிடும். நகருக்குள் ஃபைபர் இருக்கிறவர்களுக்கு அது பொருட்டில்லை. ஊர்ப்பக்கம் தினம் ஒன்றரை ஜிபி செல்போன் டேட்டாவில் இருக்கும் பெற்றோருக்கு, நீங்கள் மாற்றி வைத்த ஹார்ட் டிஸ்க்கை டிவியின் பின்னால் செருகிக் கொடுத்துவிட்டு வருவதுதான் நடக்கிற காரியம். கோப்புப் பெயரைத் தமிழிலேயே, படத்தின் பெயரும் வருடமும் வருமாறு வையுங்கள். ரிமோட்டில் தேடப்போவது அம்மா. சில பழைய டிவிகளில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும், கிளம்புவதற்கு முன் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.